முன்னால் போங்க, அண்ணி

"நீங்க முன்னால போங்க, அண்ணி."

ஜீவிதா இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை. மகாலட்சுமி நின்று திரும்பிப் பார்த்தாள். தேயிலைச் சரிவுக்கு நடுவே போகும் மண்பாதையில் ஜீவிதா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது அவிழ்ந்திருந்ததாக மகாலட்சுமிக்குத் தெரியவில்லை.

"ஏன் கண்ணு?"

"சும்மாதாங்க. ரேஸ் அன்னிக்கு நான் முன்னால போயிருவேன். நீங்க தனியாத்தான வரோணும்? இன்னிக்கே பழகிக்குங்க."

பதில் சரியாகத்தான் இருந்தது. மகாலட்சுமி முன்னால் ஓடத் தொடங்கினாள்.

இந்த இரண்டு பேரையும் இப்போது மஞ்சூரில் தெரியாதவர்கள் இல்லை. போன வருடம், மலை ஓட்டத்தில் கலந்துகொள்ளப் போகிறேன், எண்பது கிலோமீட்டர், என்று ஜீவிதா வீட்டில் சொன்னபோது அவள் அண்ணன் பாண்டியராஜ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். காட்டுப் பாதையில் தனியாகப் பயிற்சிக்குப் போகக்கூடாது. குந்தா மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவனால் தினமும் கூடப் போக முடியாது. அதனால் அண்ணி போனாள். அங்கன்வாடி டீச்சர் மகாலட்சுமி, கோயமுத்தூர் பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் விட்டுப்போன கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

முதலில் நடந்தாள். "இரு ஜீவி, இரு ஜீவி" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். பிறகு கூப்பிடுவது நின்றது. நடை எப்போது ஓட்டமாக மாறியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஏற்றத்தில் நடக்க வேண்டும், இறக்கத்தில் காலடியைச் சுருக்கி ஓட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஜீவிதா சொல்லச் சொல்லப் பழகிக்கொண்டாள். "ரெண்டு பேருமே பேர் கொடுத்துருங்க" என்று ஓட்டத்தை நடத்தும் மனோகரன்தான் சொன்னார். போன வாரம் இருவருக்கும் இடம் உறுதியானது.

ஜீவிதா முதல் மூன்று பெண்களுக்குள் வந்தால் தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்கு அழைப்பு வரும். அவளுடைய இருபத்து நான்கு வயதின் கனவு அது. மகாலட்சுமி அவளுக்குத் துணை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மகாலட்சுமியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்கு முந்தைய கடைசி நீண்ட பயிற்சி இன்றைக்கு. மஞ்சூரிலிருந்து தாய்சோலைப் பக்கம் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளுமாகப் போய், மேட்டைச் சுற்றித் திரும்ப வேண்டும். சாப்பாடும் பயிற்சியில் சேர்ந்ததுதான். ஓடிக்கொண்டே சாப்பிட வயிறு பழக வேண்டும் என்பதால் முதுகுப் பையில் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் கடலைமிட்டாயும் இருந்தன. மழைக்கோட்டு, விசில், தலையில் மாட்டும் விளக்கு என்று அன்றைக்குச் சுமக்க வேண்டிய எல்லாவற்றையும் இன்றைக்கே சுமந்தார்கள்.

மகாலட்சுமி இத்தனை நாளும் ஓடும்போது பார்த்தது ஜீவிதாவின் முதுகை மட்டும்தான். அந்த நீலப் பை, அதற்கு மேலே ஆடும் பின்னல். இன்றைக்குப் பாதை முழுவதும் அவள் கண் முன்னால் கிடந்தது. கவாத்து வெட்டிய தேயிலை, ஒரு சில்வர் ஓக் மரம், வளைவு, வளைவுக்கு அப்பால் என்னவென்று தெரியாத பனி. பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் பார்க்கிற இடம்தான். ஆனாலும் அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே வேகம் பிடித்தன. மூச்சு சீராக வந்தது. வளைவைத் தாண்டினால் அடுத்த வளைவு. யாருடைய வேகத்துக்கும் அவள் ஈடுகொடுக்க வேண்டியதில்லை.

கொஞ்ச தூரம் அந்தச் சந்தோஷத்திலேயே போனாள். பிறகுதான் பின்னால் வரும் சத்தம் காதில் விழுந்தது.

ஜீவிதா ஓடும் சத்தம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு காலும் ஒரே மாதிரி, தையல் மிஷின் ஓடுவதுபோல விழும். இப்போது அப்படி இல்லை. ஒரு கால் அழுத்தமாக விழுந்தது. மற்றது தரையைத் தொட்டும் தொடாமலும் எழுந்தது.

மகாலட்சுமி திரும்பிப் பார்ப்பதற்குள் காட்டின் ஓரம் வந்துவிட்டது. அங்கே பாதையை மறித்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றது.

கையை உயர்த்தினாள். ஜீவிதா பின்னாலேயே நின்றாள். இருவரும் அசையவில்லை. எருமையும் அசையவில்லை. கரிய முதுகில் பனி படர்ந்து ஈரமாக மினுங்கியது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அது போகும்வரை நிற்க வேண்டும்.

அப்படி நிற்கும்போதுதான் மகாலட்சுமி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஜீவிதா இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வலது காலின் நுனி மட்டும் மண்ணில் பட்டிருந்தது. பனிக் குளிரிலும் அவளுடைய மேலுதட்டில் வியர்வை இருந்தது.

எருமை ஒருமுறை மூச்சை ஊதிவிட்டு, அவசரமில்லாமல் சரிவில் இறங்கி மறைந்தது.

"உக்காரு" என்றாள் மகாலட்சுமி.

"போலாங்க அண்ணி. ஒடம்பு ஆறிப்போயிரும்."

"உக்காருன்னு சொன்னேன்."

ஜீவிதா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மகாலட்சுமி அவள் முன்னால் மண்டியிட்டு, காலுறையை இறக்கி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மேல் விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். பாதி தூரத்தில் ஒரே ஒரு இடத்தில் விரல் பட்டதும் ஜீவிதாவின் உடம்பு முழுவதும் துள்ளியது. சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் வராமல் இருக்க அவள் ஏற்கெனவே பழகியிருந்தாள் என்று மகாலட்சுமிக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவீங்க." ஜீவிதா காலுறையை மேலே இழுத்தாள். "இன்னும் மூணு வாரம் கெடக்குதுங்க. ஐஸ் வெக்கறேன், அதுக்குள்ள சரியாயிரும். நீங்க மட்டும் அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க. அது போதும்."

சரி என்று சொல்ல மகாலட்சுமி வாயைத் திறந்தாள்.

அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக நாக்கில் வந்து நின்றதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. சொல்லாமல் விட்டால் ஜீவிதா ஓடுவாள். ஜீவிதா ஓடினால் துணைக்கு அண்ணியும் ஓடுவாள். சொல்லிவிட்டால் எல்லாம் இங்கேயே, இந்தக் கல்லின் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஓட்டத்துக்காக வீட்டில் வாங்கி வைத்திருக்கும் புதிய ஷூ, மனோகரன் அனுப்பிய வழிப்படம், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளுக்கு மட்டுமாகக் கிடந்த அந்தப் பாதை, எல்லாம்.

பன்னிரண்டு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் இந்த வீட்டுக்கு வந்த பெண் இவள். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மகாலட்சுமி. அந்தப் பெண்ணின் எலும்பில் விரலை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுகிறோம் என்று தோன்றியதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எந்திரி. ரோட்டுக்கு எறங்கலாம். ஊட்டி பஸ் வர்ற நேரம்தான். போய்க் காட்டிட்டு வந்துரலாம்."

"அண்ணி."

"நடக்க முடியுமா, இல்ல எந்தோளைப் புடிச்சுக்கறியா?"

ஜீவிதா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரல் உயரவில்லை.

"உங்களுக்கென்னங்க. நீங்க துணைக்கு வந்தவங்க. போனாப் போகுதுன்னு நாளைக்கு அங்கன்வாடிக்குப் போயிருவீங்க. எனக்கு அப்படியில்லீங்க."

மகாலட்சுமி குனிந்து தோளைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜீவிதா அதைப் பிடித்துக்கொண்டாள்.

கிண்ணக்கொரையிலிருந்து வரும் பஸ் பாதிக் கூட்டத்தோடு வந்தது. கண்டக்டர் இவர்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னங்க டீச்சர், எப்பவும் ரெண்டு பேரும் பஸ்ஸைத் தாண்டி ஓடுவீங்க. இன்னிக்கு எங்க பஸ்லயே ஏறிட்டீங்க?"

"ஊட்டி ரெண்டுங்க" என்றாள் மகாலட்சுமி.

ஜீவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மஞ்சூர் வந்தது, போனது. பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் அவள் வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஊட்டி மார்க்கெட்டில் இறங்கும்வரை அவள் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

எலும்பு டாக்டருடைய கிளினிக்கில் சனிக்கிழமைக் கூட்டம். சேறு படிந்த ஷூவும் முதுகுப் பையுமாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்ததை எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாததால் ஸ்கேனும் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் வயதில் ஜீவிதாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"இந்தக் கோடு தெரியுதுங்களா? எலும்புல விரிசல். விழுந்து வந்ததில்லைங்க. திரும்பத் திரும்ப ஒரே இடத்துல அடி வாங்கி வந்தது. இப்ப நிறுத்தினா தானா கூடிரும். ரெண்டு மாசம் ஓட்டம் கூடாது."

"மூணு வாரத்துல ஒரே ஒரு ரேஸ்ங்க" என்றாள் ஜீவிதா. "அது முடிஞ்சு நீங்க சொல்ற வரைக்கும் ஓய்வு எடுத்துக்கறேன்."

"எவ்வளவு தூரம்?"

சொன்னாள். டாக்டர் படத்தை மேசைமேல் வைத்தார்.

"பாதி வழியிலயே முழுசா ஒடைஞ்சிரலாங்க. அப்பறம் ப்ளேட் வெக்கோணும். திரும்ப ஓடறதே சந்தேகமாயிரும். நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. இன்னிக்கு வந்ததால நீங்க தப்பிச்சீங்க."

ஜீவிதா தலையாட்டினாள். காலுக்கு மாட்டிவிட்ட பட்டையையும் ஊன்றுகோலையும் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து படியில் நின்றபோது, "நீங்களே மனோகரன் சாருக்குச் சொல்லிருங்க அண்ணி. என்னால பேச முடியாது" என்றாள்.

மகாலட்சுமி அங்கேயே நின்று போன் செய்தாள். ஜீவிதா வரமாட்டாள் என்று சொன்னாள். காரணத்தைச் சொன்னாள். மனோகரன் உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். பிறகு கேட்டார்: "அப்ப உங்க பேரையும் எடுத்துரட்டுங்களா?"

ஜீவிதா இரண்டு படி கீழே, ஊன்றுகோலோடு இறங்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்றேனுங்க" என்று போனை வைத்தாள் மகாலட்சுமி.

வீட்டுக்கு வந்தபோது பாண்டியராஜ் ஷிப்ட் முடித்து வந்திருந்தான். ஊன்றுகோலைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. தங்கையைக் கைத்தாங்கலாக அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்து, காலுக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு வந்தான். சமையலறையில் மகாலட்சுமி நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை, நீ கவனிச்ச" என்றான். "எனக்கு எப்பவுமே உள்ளுக்குள்ள ஒரு பயந்தான். அவகிட்டச் சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவாள்னு சொல்லலே. போகட்டும். வயசு கெடக்குது. நீயும் கொஞ்சம் படு. இனிமேலாச்சும் காலையில நிம்மதியாத் தூங்கு."

மகாலட்சுமி அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தாள். இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றினாள்.

"ஏனுங்க, நான் ஓடலாம்னு இருக்கறேனுங்க."

"எங்க?"

"ரேஸ்லதாங்க."

அவன் சுவரிலிருந்து நிமிர்ந்தான். "அவதான் போகலையே. நீ யாருக்குத் துணையாப் போறே?"

"யாருக்கும் இல்லீங்க. நான் மட்டுந்தான்."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை அவன் இறுக்கி மூடினான்.

"எதுக்கு மகா?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். "அவளுக்குக் காரணம் இருந்துது. முகாம், டீமு. நீ எதுக்கு எண்பது கிலோமீட்டர் ஓடோணும்?"

அவள் யோசித்தாள். உடம்புக்கு நல்லது என்று சொல்லலாம். ஊரில் பெருமை என்று சொல்லலாம். இரண்டும் அவன் ஏற்றுக்கொள்ளக்கூடிய பதில்கள். இரண்டும் உண்மை இல்லை.

"சொல்லத் தெரியலீங்க. காலையில ஜீவி என்னைய முன்னால போகச் சொன்னா. போனேன். எனக்கு முன்னால யாருமே இல்ல. அது எனக்குப் புடிச்சிருந்துதுங்க. அவ்வளவுதான்."

"பொழுது உழுந்தப்பறம் காட்டுக்குள்ள வரோணும். தெரியுமில்ல? எருமை நிக்கும்."

"இன்னிக்கும் நின்னுதுங்க."

"உனக்கு நாப்பது ஆகப்போகுது."

"ஆமாங்க."

பாண்டியராஜ் ஸ்டவ்வைப் பற்றவைத்தான். அவன் வழக்கமாகச் செய்கிற வேலை இல்லை அது. கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் அவனால் யோசிக்க முடியும்.

"ஜீவிகிட்டக் கேட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"எங்கிட்டக் கேக்கறதுக்கு முன்னால அவகிட்டல்ல கேட்டிருக்கோணும். அவ படுத்துக் கெடக்கறப்ப நீ ஷூவை மாட்டிட்டு வாசப்படி எறங்கினா அவளுக்கு எப்படி இருக்கும்?"

இதே கேள்வியோடுதான் அவள் ஊட்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட நான் கேக்கலீங்க. சொல்றேன்" என்றாள் மெதுவாக. "கேக்கறது அவகிட்டத்தான்."

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. அவன் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். எதையோ சொல்ல வந்து, "சரி, போய்க் கேளு" என்று மட்டும் சொன்னான்.

அறையில் ஜீவிதா விளக்கைப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த வீட்டில் சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான்.

"எல்லாம் கேட்டுதுங்க" என்றாள்.

மகாலட்சுமி கட்டிலின் ஓரத்தில், அவளுடைய கால் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துங்க அண்ணி இந்த ஆசை?"

"தெரியல கண்ணு. நீ சொன்னே பாரு, துணைக்கு வந்தவங்கன்னு. அதைக் கேட்டப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் துணைக்கு வரலேன்னு."

ஜீவிதா கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசினாள்.

"அப்ப, அங்க வெச்சு நீங்க பேசாம இருந்திருந்தா உங்களுக்கு நல்லதுதான? ரெண்டு பேரும் ஓடியிருக்கலாம். அண்ணனும் ஒண்ணும் கேட்டிருக்காது."

"ஆமா."

"அதை நெனச்சீங்களா?"

இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் நம்பியிருப்பாள். நம்பவும் அவள் ஆசைப்பட்டாள் என்று மகாலட்சுமிக்குத் தெரிந்தது.

"நெனச்சேன். நெனச்சது எனக்கே பயமாப் போச்சு. அதனாலதான் உடனே பஸ் ஏறச் சொன்னேன்."

ஜீவிதா கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் நேராகப் பார்ப்பது இப்போதுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று மகாலட்சுமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் வளர்த்த முகம்தான். இன்றைக்கு ஒரு பெரிய பெண்ணின் முகமாக இருந்தது.

"ஓடுங்க" என்றாள். "வேண்டாம்னு சொல்ல நான் ஆரு? உங்க காலு நல்லா இருக்குது. எனக்கு இல்லே. அவ்வளவுதான்."

"ஜீவி."

"ஆனா ஒண்ணுங்க அண்ணி. அன்னிக்கு நான் அங்க வரமாட்டேன். ஓட்டம் முடியற கோட்டுக்கிட்ட நின்னு கை தட்ட என்னால முடியாது. அதைப் பெருந்தன்மையாச் செய்யோணும்னு தெரியுது. ஆனா முடியாதுங்க. அண்ணன் சொல்லுச்சுன்னு, மனோகரன் சார் சொன்னாருன்னு என்னையக் கூப்புடாதீங்க."

"கூப்புட மாட்டேன்."

"வருத்தப்படவும் கூடாது."

"அது எங்கையில இல்ல கண்ணு" என்றாள் மகாலட்சுமி.

ஜீவிதா சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றாள். காலில் கட்டியிருந்த பட்டை தடுத்தது. திரும்ப முடியாமல் கையை மடக்கி முகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். மகாலட்சுமி அவள் தலையைத் தொடப் போனாள். பிறகு தொடாமல் எழுந்தாள்.

வாசல் வரைக்கும் போய்த் திரும்பிக் கேட்டாள்.

"கதவைச் சாத்தட்டுமா?"



"வேண்டாங்க" என்றாள் ஜீவிதா, கையை எடுக்காமலே. "தெறந்தே இருக்கட்டும்."